உள்மடிப்பில் இருந்த வரி

என் கதையைப் பதினோரு அரசுப் பள்ளிகளில் சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி அது வழவழப்பாகிவிட்டது. எந்த இடத்தில் நிறுத்தினால் பின்வரிசைப் பையன்கள் கிசுகிசுப்பதை விட்டுவிட்டு நிமிர்வார்கள், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. "எங்க அப்பா கொத்தனார். அம்மா கோரிமேட்டு ஆஸ்பத்திரியில தரை துடைக்கிறாங்க. எங்க வீட்டுல காலேஜ் வாசல மிதிச்ச முதல் ஆள் நான்தான்" என்று தொடங்குவேன். "நெல்லித்தோப்புலேருந்து நான் போக முடிஞ்சுதுன்னா நீங்களும் போகலாம்" என்று முடிப்பேன். கைதட்டுவார்கள்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்று வரை உறுத்துகிறது.

எங்கள் பல்கலைக்கழகம் ஊருக்கு வடக்கே, கடலை ஒட்டிய சாலையில் இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் அதன் வாசலை பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். "அது வடநாட்டுக்காரங்க படிக்கிற இடம்" என்பது ஊருக்குள் இருக்கும் பேச்சு. அந்த நினைப்பை மாற்றத்தான் ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். அரசுப் பள்ளியில் படித்து உள்ளே வந்த மாணவர்களே அரசுப் பள்ளிகளுக்குத் திரும்பிப் போய், ப்ளஸ் டூ பிள்ளைகளை நுழைவுத் தேர்வு எழுதச் சொல்ல வேண்டும். பொறுப்பாக ஒரு மேடம், ஒரு வேன், ஒரு ப்ரொஜக்டர், கட்டுக் கட்டாக மஞ்சள் துண்டுத்தாள்கள், நாங்கள் ஆறு பேர். நான் இரண்டாம் ஆண்டில் இந்தக் குழுவில் சேர்ந்தேன்.

முதல்முறை ஒரு பள்ளியில் பேசியபோது உண்மையிலேயே முழுக்கதையையும் சொன்னேன். அதில் என் அக்கா இருந்தாள். ஆனால் அக்காவைச் சொல்ல வேண்டுமென்றால் அப்பா சாரத்திலிருந்து விழுந்ததைச் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் அவளுடைய பள்ளிக்கு ஒரு குழு வந்ததைச் சொல்ல வேண்டும். கதை நீண்டுகொண்டே போனது. பாதியில் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் டிபன் டப்பாவை எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

திரும்பும்போது வேனில் ஒரு சீனியர் கேட்டார், "டேய், உன் கதைல யாருடா ஹீரோ? நீயா, உங்க அக்காவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மேடம் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே, "சுருக்கமா சொல்லுப்பா. பசங்க மனசுல ஒரு ஆள்தான் நிக்கும்" என்றார். தப்பான ஆலோசனை என்று சொல்ல முடியாது. அடுத்த பள்ளியில் அக்காவை எடுத்துவிட்டேன். கதை எட்டு நிமிடத்தில் முடிந்தது. கைதட்டல் வந்தது. பிறகு அவளை நான் திரும்பச் சேர்க்கவே இல்லை.

எடுத்துப் போட்ட பகுதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

அக்கா என்னைவிட இரண்டு வயது பெரியவள். ஊரிலேயே ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் படித்தாள். ப்ளஸ் டூவில் பொருளாதாரத்தில் பள்ளியிலேயே முதல். அவள் படித்த வருடம் இதே பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு வந்து, அப்போது பச்சை நிறத்தில் இருந்த துண்டுத்தாளைக் கொடுத்திருக்கிறது. அதை அவள் தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். அதற்கு இரண்டு வாரம் கழித்து, விண்ணப்பம் போட வேண்டிய நேரத்தில், அப்பா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அம்மா ஒருத்தியின் சம்பளத்தில் வீடு ஓடாது என்பது யாரும் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதாக இல்லை. "ஒரு வருஷம் போவட்டும்மா" என்று அவளாகவே சொன்னாள். நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள்.

அப்பா எழுந்து நடமாடி மறுபடி கொத்துக்கரண்டி பிடிப்பதற்குள் நான் ப்ளஸ் டூவுக்கு வந்துவிட்டேன். நான் ஐ.டி.ஐ.யில் சேர்ந்து ஏ.சி. ரிப்பேர் படிக்கலாம் என்று இருந்தேன். அக்காதான் அந்தப் பச்சைத்தாளை எடுத்து வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். என்னை பிரவுசிங் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனாள். என் புகைப்படம் அளவுக்கு மேல் பெரிதாக இருந்து ஏறாமல் அடம்பிடித்தபோது கடைக்காரரோடு சண்டை போட்டுச் சிறிதாக்க வைத்தாள். எந்தப் படிப்பைக் கேட்பது என்று தெரியாமல் நான் விழித்தபோது, "இதப் போடு" என்று திரையில் விரலை வைத்தாள். அவள் விரல் வைத்த அந்த ஐந்து வருடப் படிப்பைத்தான் நான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிகளில் இந்த இடத்தை நான் எப்படிச் சொல்வேன் தெரியுமா? "ஒரு நாள் ஒரு துண்டுத்தாள் என் கைக்குக் கிடைச்சுது." அவ்வளவுதான்.

நான் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது, பொங்கல் முடிந்த வாரம், அக்கா ஒரு கேள்வி கேட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டே போன் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ரசம் ஊற்றினாள்.

"ஏன்டா, ப்ளஸ் டூ முடிச்சி நாலஞ்சு வருஷம் ஆனவங்க அந்த எக்ஸாம் எழுதலாமா?"

"யாரு?"

"சும்மாதான். கடைல ஒரு பொண்ணு கேட்டா."

"கேப் விட்டா எடுக்க மாட்டாங்க. அதெல்லாம் ஃப்ரெஷ்ஷா முடிச்சவங்களுக்குத்தான்."

"அப்பிடியா," என்றாள். அடுப்புப் பக்கம் திரும்பி ரசச் சட்டியை மூடி வைத்தாள்.

எனக்கு விதி தெரியாது. யாரிடமும் கேட்டதில்லை. ஒரு பள்ளியில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால், "பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லி நோட்டில் குறித்துக்கொண்டிருப்பேன். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லக் கூடாது என்பது மேடத்தின் முதல் பாடம். வீட்டில் மட்டும் எனக்குத் தெரியாதது எதுவும் இருக்கவில்லை. பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் நான்தான் கடைசி வார்த்தை.

கடையில் அப்படி ஒரு பெண் இல்லை என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மேடம் அந்த வருடத் துண்டுத்தாளை மொழிபெயர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். நூலகத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே வந்தேன். "யார் விண்ணப்பிக்கலாம்" என்ற தலைப்பின் கீழ் மூன்றாவது வரியில் பேனா நின்றுவிட்டது. நான் தமிழில் இப்படி எழுதினேன்: 'பன்னிரண்டாம் வகுப்பை எந்த ஆண்டு முடித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு இல்லை.'

அன்று மாலை வீட்டுக்குப் போனேன். அவளிடம் சொல்லவில்லை.

ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் மறந்துவிட்டேன் என்றிருப்பேன். மறக்கவில்லை. அடுத்த நாளும் ஞாபகம் இருந்தது. அதற்கடுத்த நாளும். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வரி ஞாபகம் வந்தது. சொல்லப் போனால் முதலில், "நான் அன்னிக்கு தெரியாம சொல்லிட்டேன்" என்று ஆரம்பிக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியம் எனக்கு வரவில்லை. அது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. அவள் உள்ளே வந்தால், அதே கேன்டீனில் உட்கார்ந்தால், அதே வேனில் ஏறினால், என் எட்டு நிமிடக் கதை என்னவாகும்? அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேரோடு அவ்வளவு அழகாக நின்றுகொண்டிருந்தது அது. இதை எழுதும்போதுகூட இந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டு எழுதியிருக்கிறேன்.

தவக்காலத்தில் கோயிலில் பாதிரியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு உட்கார்ந்தபோது கோபம், சோம்பல், கெட்ட நினைப்பு என்று வழக்கமான பட்டியலைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். இதைச் சொல்லவில்லை.

விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசி நேரத்தில் இன்னும் சில பள்ளிகளைப் பிடித்துவிடலாம் என்று மேடம் வேகம் காட்டினார். ஒரு செவ்வாய்க்கிழமை இருநூறு தாள்களை வீட்டுக்கு எடுத்து வந்தேன். மூன்றாக மடித்துக் கொண்டுபோக வேண்டும். செவ்வாய் அக்காவுக்கு வார விடுமுறை. மதியம் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்தவள், நான் தரையில் உட்கார்ந்து மடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இது இன்னாடா, கல்யாண வீட்டு அப்பளம் மாதிரி மடிச்சி வெச்சிருக்க? தள்ளு."

உட்கார்ந்தாள். சேலை மடித்து மடித்துப் பழகிய கை. தாளை எடுத்து, ஓரத்தோடு ஓரம் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தாள். நான் ஒன்று மடிப்பதற்குள் அவள் நாலு மடித்தாள். எல்லாம் ஒரே அளவில், அடுக்கினால் கத்தியால் வெட்டியதுபோல் நின்றது.

அந்தத் தாளை மூன்றாக மடித்தால் "யார் விண்ணப்பிக்கலாம்" என்ற பகுதி உள்மடிப்புக்குள் போய்விடும். மடித்தபின் தெரியாது. மடிப்பதற்கு முன்னால் முகத்துக்கு நேரே தெரியும். என் கண் அவள் கண்ணின் மேலேயே இருந்தது. படிக்கிறாளா, இல்லையா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு முறை மட்டும் கை ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. பிறகு நகம் இழுத்தது.

"இதெல்லாம் நீ எழுதினதா?" என்றாள்.

"மொழிபெயர்த்தேன்."

"நல்லாருக்குடா. புரியுது."

மொத்தம் இருநூறையும் அவளே முடித்தாள். நான் அவள் மடித்ததை ஐம்பது ஐம்பதாக ரப்பர் பேண்டு போட்டேன். சுமார் முக்கால் மணி நேரம் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாழ்க்கையில் யாருக்கும் வாய்க்காது. வெயில் எப்படி இருக்கிறது, மாடி வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரை ஏன் நிறுத்துவதில்லை என்பதைப் பற்றி எல்லாம் பேசினோம்.

அந்தத் தாள்களோடு நாங்கள் போன பள்ளிகளில் ஒன்று அக்கா படித்த பெண்கள் பள்ளி. கடைசித் தேதிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. வேன் அந்தத் தெருவுக்குள் திரும்பியபோதே என் கண் பள்ளியின் முதல் மாடி ஜன்னலுக்குப் போனது. முதல் மாடிக் கூடத்தில், ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு பாடத்தில் முதலாவதாக வந்தவர்கள் பெயரை எழுதிய பலகை மாட்டியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அவள் பெயர் அதில் ஏறிய அன்று குடும்பத்தோடு போய்ப் பார்த்திருக்கிறோம். அப்பா தனியாக நடக்க முடியாமல் இருந்ததால், என் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்.

ப்ரொஜக்டருக்கு ஒயர் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு டீச்சர் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தார். அக்காவின் பெயரைச் சொல்லி, "நீ அவ தம்பிதானே? அந்த மூக்கு அப்படியே இருக்கு" என்றார். பொருளாதாரம் மிஸ்.

"ஆமா மிஸ்."

"அவ இன்னா பண்றா இப்ப?"

"வேலைக்குப் போறா மிஸ்."

"எங்க?"

"பிரைவேட்ல மிஸ்."

பிரைவேட். ஜவுளிக்கடை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மிஸ் சந்தோஷமாகத் தலையாட்டினார். ஏதோ பெரிய கம்பெனி என்று நினைத்திருக்க வேண்டும். போய்ப் பின்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டார்.

அவரை வைத்துக்கொண்டே நான் என் கதையைச் சொன்னேன். பலகை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. "எங்க வீட்டுல காலேஜ் வாசல மிதிச்ச முதல் ஆள் நான்தான்." நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். தாழ்த்த வேண்டிய இடத்தில் குரலைத் தாழ்த்தினேன். நாக்கு தானாக ஓடியது. கைதட்டினார்கள். மிஸ்ஸும் கைதட்டினார்.

கேள்வி நேரத்தில் இரண்டாம் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். இரட்டைப் பின்னல், கையில் மஞ்சள் தாள்.

"அண்ணா, எனக்கு இல்ல. எங்க அக்காவுக்குக் கேக்கறேன். அவ ப்ளஸ் டூ முடிச்சி மூணு வருஷம் ஆவுது. மெடிக்கல் ஷாப்ல நிக்கிறா. அவளும் எழுதலாமா?"

"உனக்கே கிடைக்கறது டவுட்டு. இதுல குடும்பத்துக்கே சீட்டு கேக்குறா" என்றாள் பக்கத்தில் இருந்தவள். கூடமே சிரித்தது.

"நீ சும்மா இருடி. அண்ணா சொல்லட்டும்."

"எழுதலாம்," என்றேன். "எந்த வருஷம் முடிச்சிருந்தாலும் எழுதலாம்."

"நெஜமாவா அண்ணா? நான் போய்ச் சொல்லி, அப்புறம் இல்லன்னு ஆயிடுச்சின்னா அவ அழுவா."

"அந்தத் தாள்லயே இருக்கு. பிரிச்சு உள்பக்கம் பாரு."

அக்கா நகத்தால் இழுத்த மடிப்பைப் பிரித்து, நான் எழுதிய வரியை அந்தப் பெண் சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டுத் தாளை மறுபடி அதே மடிப்பில் மடித்தாள்.

"இன்னிக்கே சொல்லிடறேன் அண்ணா," என்று உட்கார்ந்தாள்.

அப்போது பின்வரிசையிலிருந்து மிஸ்ஸின் குரல் வந்தது. அவர் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மனசோடு, எல்லோர் முன்னாலும், சந்தோஷமாகவே கேட்டார்.

"அப்ப உங்க அக்காவும் எழுதலாமேப்பா?"

"எழுதலாம் மிஸ்."

"சொன்னியா அவகிட்ட?"

மேடம் என்னைப் பார்த்தார். எனக்கு ஓர் அக்கா இருப்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும். இரட்டைப் பின்னல் பெண்ணும் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லணும் மிஸ்," என்றேன்.

திரும்பும் வழியில் அஜந்தா சிக்னலிலேயே வேனிலிருந்து இறங்கிக்கொண்டேன். அங்கிருந்து நேரு வீதிக்கு நடந்தேன். நாலைந்து வருடத்தில் அவள் வேலை செய்யும் கடைக்குள் நான் போனது அதற்கு முன் ஒரே ஒருமுறை, சாவி வாங்க. இரண்டாவது மாடி. ஏ.சி.யின் குளிர், புதுத்துணி வாசனை. அவள் கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அப்பாவுக்கு இன்னாச்சி?"

"ஒண்ணும் இல்லக்கா. அப்பா நல்லாருக்காரு."

சூப்பர்வைசர் வந்துவிட்டார். "இன்னாம்மா, சொந்தமா, கஸ்டமரா?"

"கஸ்டமர்தான் சார். எங்க தம்பி, அம்மாவுக்கு சேலை பாக்க வந்துருக்கான்" என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து நாலைந்து காட்டன் சேலைகளை எடுத்து என் முன்னால் போட்டாள். ஒன்றை உதறி விரித்தாள். அவர் நகர்ந்து போகும்வரை பொறுத்திருந்தாள்.

"சொல்லு."

"அக்கா, அன்னிக்கு நீ கேட்டல்ல, கேப் விட்டவங்க எழுதலாமான்னு. எழுதலாம்."

"தெரியும்," என்றாள். "இந்தக் கலரு பாரு, அம்மாவுக்கு எடுப்பா இருக்கும்." சூப்பர்வைசர் திரும்பி எங்களைக் கடந்து போனார். "நான்தானடா மடிச்சேன். இருநூறு தாளு. ஒண்ணுல கூடவா படிச்சிருக்க மாட்டேன்?"

"அப்ப ஏன் என்கிட்ட கேக்கல?"

"கேட்டேனே. ஒருதரம் கேட்டா பத்தாதா?"

அவள் அடுத்த சேலையை விரித்தாள். எனக்கு அதன் நிறம்கூட ஞாபகம் இல்லை.

"நீயே சொல்லுவன்னு பாத்தேன். அன்னிக்கு மடிக்கும்போது சொல்லுவ, சொல்லுவன்னு பாத்தேன். மோட்டாரப் பத்திப் பேசினே."

"நான் இன்னிக்கி வரலன்னா?"

விரித்த சேலையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் நீளமாகப் பிடித்து மடிக்க ஆரம்பித்தாள். தாடையிலிருந்து சேலையை விட்டபின்தான் அவளால் பேச முடிந்தது.

"இன்னா பண்ணுவேன். விட்டுருப்பேன்."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னாள். 'இந்த பார்டர் வேற கலர்ல இல்ல' என்று வாடிக்கையாளரிடம் சொல்வதுபோல. ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் தன் அக்காவுக்காக எழுந்து நிற்காமல் இருந்திருந்தால், என் அக்காவின் வருடம் அப்படியே போயிருக்கும்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். "நாளைக்கு ஃபார்ம் போட்டுடலாம்" என்றுதான் வாயிலிருந்து வந்தது.

"நாளைக்கி முகூர்த்த நாளு. மூச்சு விட முடியாது. நாளன்னிக்கி காலைல எட்டு மணிக்கு. கடைக்கு வர்றதுக்கு முன்னாடி."

"அதான் கடைசி நாளு. சர்டிஃபிகேட்டு எல்லாம் தேடணுமே?"

"எடுத்துதான் வெச்சிருக்கேன்," என்றாள். "போட்டோ கூட எடுத்துட்டேன்." குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "வேணாம்னா பரவால்லப்பா, அடுத்த தரம் அம்மாவையும் கூட்டினு வா" என்று சொல்லிக்கொண்டே சேலைகளை அலமாரியில் அடுக்கினாள்.

கடைசி நாள் காலை அதே பிரவுசிங் சென்டர். இந்த முறை நான் தட்டச்சு செய்தேன், அவள் பக்கத்தில் நின்றாள். அவளுடைய போட்டோ சரியான அளவில் இருந்தது. கைப்பேசி எண் கேட்ட கட்டத்தில் பழக்கதோஷத்தில் என் எண்ணை அடித்துவிட்டேன்.

"அத அழி," என்றாள். "என் நம்பரப் போடு."

அழித்துவிட்டு அவள் எண்ணைப் போட்டேன். ஓ.டி.பி. அவள் போனுக்கு வந்தது. அவளே படித்துச் சொன்னாள். அச்செடுத்த தாளை மூன்றாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நேரமாச்சு" என்று பஸ்ஸுக்கு ஓடினாள்.

அதற்குப் பிறகு நான் பள்ளிகளில் பேசவில்லை. ப்ரொஜக்டரைத் தூக்கினேன், ஒயர் போட்டேன். தொண்டை சரியில்லை என்று சொன்னேன். அக்கா படித்த அந்தப் பன்னிரண்டாவது பள்ளியை நான் பேசிய கணக்கில் சேர்ப்பதில்லை.

அக்காவுக்கு இடம் கிடைத்தது. பொருளாதாரம். வீட்டில் அப்பாதான் முதலில் அழுதார். "உன்னால அவளும் படிக்கப் போறா பாரு" என்று அம்மா என் தலையைத் தடவினார். அக்கா பக்கத்திலேயே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் தலையைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் முதலாமாண்டில் இருந்தபோதே மேடம் அவளைப் பிடித்துவிட்டார். ஜவுளிக்கடையிலிருந்து வந்த மாணவி என்றால் விடுவாரா? அந்த வருடம் குருசுக்குப்பத்துப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போனோம். ஜன்னல் வழியாகக் கடல் காற்று வந்து, வைத்த தாள்களை எல்லாம் தூக்கிக்கொண்டிருந்தது. நான் பின்னால் ப்ரொஜக்டருக்குப் பக்கத்தில் நின்றேன். அக்கா முன்னால் நின்றாள். ஜவுளிக்கடையைப் பற்றி மறைக்காமல் சொன்னாள். நாள் முழுக்க நின்றால் கால் எப்படி வீங்கும் என்று சொன்னாள். சிரிக்க வைத்தாள். நான் தப்பாகச் சொன்ன இடம் வரப்போகிறது, சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். சொல்லட்டும் என்றும் இருந்தது.

"முடிச்சு இத்தன வருஷம் ஆச்சே, நம்மள எடுக்க மாட்டாங்கன்னு நான் நெனச்சினு இருந்தேன்," என்றாள். "எங்க தம்பிதான் கடைக்கே தேடி வந்து, எழுதலாம்க்கான்னு சொன்னான். அவனே வந்து ஃபார்மும் போட்டான்."

அதிலும் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

என் கதையிலிருந்து நான் அவளை எடுத்துப் போட்டேன். அவள் தன் கதையில் என்னை எடுத்து வைத்துக்கொண்டாள். அதுவும் எட்டு நிமிடம்தான் இருக்கும்.

கடைசி வரிசையில் இருந்த பையன் ஒருவன் என் பக்கம் திரும்பினான். மூக்கைப் பார்த்திருப்பான் போலிருக்கிறது.

"அண்ணா, அந்தத் தம்பி நீங்கதானா?"

அக்கா முன்னாலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த படத்துக்கு நான் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காத்திருந்தாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தப் பையன் கைதட்டினான்.